பழைய டிராவலர் வேன் வாங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூர்ல 2012 மாடல் ஃபோர்ஸ் டிராவலர் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, வெள்ளை போர்டு. சீட்டைக் கழட்டிட்டு கட்டில், சமையல் மேடை, 60 லிட்டர் தண்ணி டேங்க், மேல சோலார் பேனல்னு போட்டிருக்காங்க. நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும்தான். ஏசி, டிவி எதுவும் வேண்டாம். வால்பாறை, மூணாறுன்னு மெதுவா சுத்தணும்.

இடிக்கிறது ஆர்சி. அதுல இன்னும் 12 சீட்டுன்னுதான் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி இந்த மாதிரி மாத்தினா ஆர்டிஓவுல பதியணும். ஓனர் “யாரும் கேக்க மாட்டாங்க”ங்கிறார். விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் கேப்பானே! 2027ல ஆர்சியோட 15 வருஷமும் முடியுது, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று) எடுத்துத்தான் ரெனியூவல் பண்ணணும்.

வாங்கினப்புறம் ஆர்சியை மாத்தினவங்க இருக்கீங்களா? சேஸிஸ்ல துரு எங்கெங்க பாக்கணும்? கேஸ் சிலிண்டர் வேற கட்டிலுக்கு அடியிலயே இருக்கு (வீட்டுக்காரம்மா முகம் அப்பவே மாறிடுச்சு). ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கோட போறேன், அதுக்குள்ள சொன்னா புண்ணியமாப் போகும்.