நரம்புச்சிதைவு, நரம்புக்காந்தல்: ஒரு சொல் போதாது

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நீரிழிவால் கால் நரம்புகளுக்கு நேரும் கேட்டிற்கு 'நீரிழிவு நரம்புவலி' என்ற சொல்லை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். எளிய சொல்தான், ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன். பாளையங்கோட்டையில் நோயாளிகளுக்காக மருந்து ஒப்பீட்டுக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். அந்த ஒப்பீட்டுக்குள் இச்சொல்லை வைத்துப் பார்த்தபோதுதான் அதன் குறை புலப்பட்டது.

இந்நோயில் எழும் வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின் ஆகிய மூன்று மருந்துகளும் வலியைத் தணிப்பவை. சிதைந்த நரம்பை மீட்டுத் தருபவை அல்ல. நோய்க்கும் வலிக்கும் ஒரே சொல்லை வைத்தால், வலி அடங்கியதும் நோயே நீங்கிவிட்டது என்று நோயாளி எண்ணி, சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் பாதக் கவனிப்பையும் கைவிட்டுவிடக்கூடும். வலியே இல்லாமல் நரம்பு சிதைவதும் உண்டு. பாதம் உணர்விழந்து மதமதத்துப்போன ஒருவர் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்து, உள்ளங்காலில் கொப்புளம் கண்டிருப்பதை வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்க்கிறார். அவருடைய நோய்க்கு 'வலி' என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்?

ஆகவே நோய்க்கு 'நரம்புச்சிதைவு' என்றும், அது உள்ளவர்களில் சிலருக்கு எழும் வலிக்கு 'நரம்புக்காந்தல்' என்றும் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். காந்தல் நான் புனைந்ததன்று. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பெரியம்மை, "ராத்திரி பூரா உள்ளங்கால் காந்துது, நடந்தா பஞ்சுமேல நடக்காப்ல இருக்கு" என்பார்கள். காந்தல் வேறு, மதமதப்பு வேறு என்பதை ஒரே மூச்சில் அவர்கள் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

'எரிச்சல்' போதாதா என்று சிலர் கேட்கலாம். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் 8 விழுக்காடு கொண்ட ஒட்டுப்பட்டைக்கு, நீரிழிவாளரின் பாத வலிக்கென 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதை ஒட்டிய இடத்தில் எரிச்சல் உண்டாவது அதன் பக்கவிளைவு. நோயின் வலியையும் எரிச்சல் என்றே எழுதினால், எரிச்சலைத் தணிக்கும் மருந்தே எரிச்சலைத் தருவதாக வாக்கியம் முடியும், படிப்பவர் குழம்பிப்போவார்.

ஊசி குத்துவது போலவும் மின்சாரம் பாய்வது போலவும் வலி வருபவர்கள் உண்டே, அதையெல்லாம் காந்தல் என்பது சரியா என்ற மறுப்பு நியாயமானது. எனினும், நீரிழிவு என்ற பெயரே பல அறிகுறிகளில் சிறுநீர் மிகுந்து போவதை மட்டும் சுட்டிப் பிறந்து, முழு நோய்க்கும் நிலைத்திருக்கிறது. முதன்மையான ஓர் அறிகுறியால் முழுமையையும் சுட்டுவது தமிழுக்குப் புதிதன்று.

இனி இச்சொற்களை ஓர் ஆய்வுச் செய்தியில் வைத்துப் பார்க்கலாம். 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆப்ஷன்-டிஎம் ஆய்வில், பிரிட்டனின் 13 மையங்களில் 130 பேர் பங்குகொண்டார்கள். அமிட்ரிப்டிலினில் தொடங்கித் தேவைப்பட்டால் பிரிகாபலினைச் சேர்ப்பது, பிரிகாபலினில் தொடங்கி அமிட்ரிப்டிலினைச் சேர்ப்பது, டுலோக்செட்டினில் தொடங்கிப் பிரிகாபலினைச் சேர்ப்பது என்ற மூன்று வழிகளும் ஒவ்வொன்றும் 16 வாரம் ஆராயப்பட்டன. கையேட்டில் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "வலி மதிப்பெண்ணில் 10க்குச் சராசரி 6.6 ஆக இருந்த நரம்புக்காந்தல் மூன்று வழிகளிலும் ஏறத்தாழ 3.3 ஆகத் தணிந்தது. இதனால் நரம்புச்சிதைவு குணமானதாகக் கொள்ளலாகாது." ஒற்றைச் சொல்லை வைத்து இவ்வாக்கியத்தின் பின்பாதியை எழுதவே இயலாது. தணிப்பில் மூன்றும் ஒத்திருப்பதால், மருந்தைத் தெரிவுசெய்வதில் பக்கவிளைவுகளுக்கு முக்கிய இடம் உண்டு: அமிட்ரிப்டிலினில் வாய் உலர்தலும், டுலோக்செட்டினில் குமட்டலும், பிரிகாபலினில் தலைசுற்றலும் மிகுதியாகக் காணப்பட்டன.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. நம் பக்கத்தில் இரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்கிறோம். 'நரம்பு ஊசி' என்றால் இரத்தக்குழாயில் போடுவதுதான். இக்குழப்பத்தைத் தவிர்க்க, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'உணர்நரம்புச்சிதைவு' என்று எழுதலாமா? சொல் நீள்கிறதே என்றுதான் தயங்குகிறேன். கையேடு அச்சுக்குப் போகுமுன் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.