நிறுவிடம், வைப்பிடம், தேக்கிடம்: மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

வணக்கம். செயலிகளின் திரைகளைத் தமிழாக்கும்போது, செயலி நிறுவப்படும் இடம், பயனரின் தரவு இருக்கும் இடம், கேஷ் (வேகத்துக்காகத் தற்காலிகமாகத் தேக்கிவைப்பது) இருக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சுக்கு இது என் பதில். அதில் வந்த கருத்துகளை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> எல்லாவற்றுக்கும் "சேமிப்பிடம்" என்றே போட்டுவிடலாம், பயனருக்கு அது போதும்.

போதாது. திரையில் ஒரு பெட்டி வருகிறது: "சேமிப்பிடத்தை நீக்கவா?" கீழே "ஆம்", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான். எதை நீக்கப்போகிறது? செயலியையா, நான் அதில் எழுதிவைத்த குறிப்புகளையா, வேகத்துக்காக அது தேக்கிவைத்திருக்கும் படங்களையா? முதலாவது போனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம், மூன்றாவது போனால் செயலியே திரும்ப உண்டாக்கிக்கொள்ளும், நடுவில் இருப்பது போனால் போனதுதான். இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் "ஆம்" அழுத்தும் முன்பு அவரைக் காப்பாற்றக்கூடியது நாம் வைக்கும் சொல் மட்டும்தான். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

லினக்ஸில் இந்தப் பிரிவு ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. செயலியின் நிரல்கள் /யூஎஸ்ஆர்/பின், படங்களும் மொழிக் கோப்புகளும் /யூஎஸ்ஆர்/ஷேர், நாமே மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவினால் வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல், தனிக்கட்டாக வருபவை /ஆப்ட். இங்கே எழுதுவது தொகுப்பு மேலாளரோ (செயலிகளை நிறுவி நீக்கும் நிரல்) நிர்வாகியோதான், ஓடிக்கொண்டிருக்கும் செயலி இங்கே எழுதக் கூடாது. கோப்பு முறைமைப் படிநிலைத் தரம் (லினக்ஸில் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது, 2015இல் வந்த 3.0) /யூஎஸ்ஆரைப் படிக்க மட்டுமேயான பகுதி என்றுதான் சொல்கிறது. பயனர் பக்கத்துக்கு எக்ஸ்டிஜி வரையறை இருக்கிறது (பயனரின் கோப்புகள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பொது விதி; ~ என்பது பயனரின் சொந்த ஹோம் அடைவு, அதாவது கோப்புறை): அமைவுகள் ~/.கான்ஃபிக், தரவு ~/.லோக்கல்/ஷேர், தேக்கியவை ~/.கேஷ். ஆக நாம் புதிதாக எதையும் பிரிக்க வேண்டியதில்லை, இருக்கிற பிரிவுக்குப் பெயர் வைத்தால் போதும்.

என் முன்மொழிவு:

செயலி நிறுவப்படும் இடம் நிறுவிடம். பயனரின் தரவு இருக்கும் இடம் வைப்பிடம். கேஷ் இருக்கும் இடம் தேக்கிடம்.

> "நிறுவிடம்" இலக்கணப்படி சரியா? "நிறுவுமிடம்" என்றல்லவா வர வேண்டும்?

இரண்டும் சரி. கதவு + அழகு கதவழகு ஆவதைப் போல நிறுவு + இடம் நிறுவிடம் ஆகும், ஊறுகாய் மாதிரி இதுவும் வினைத்தொகைதான். "நிறுவிடத்தில்", "நிறுவிடங்கள்" என்று வேற்றுமையும் பன்மையும் இடறாமல் வருகின்றன. பொத்தானில் அடங்கும் நீளம். அப்புறம், இப்போது பல இடங்களில் இருக்கும் "நிறுவல் இருப்பிடம்" எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் இருப்பிடம் என்றதும் கைபேசியில் ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டும் அந்த வசதிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. "நிறுவல் முன்னொட்டு" இன்னும் மோசம். தொகுக்கும்போது எந்த அடைவின் கீழ் நிறுவ வேண்டும் என்று கொடுக்கும் பிரிஃபிக்ஸைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார்கள், தமிழில் படிப்பவருக்கு அது எழுத்திலக்கணப் பாடம் போலத் தெரியுமே தவிர ஓர் அடைவு என்று தோன்றாது. அங்கே "அடி நிறுவிடம்" போடலாம்.

/யூஎஸ்ஆரைப் "பயனர் அடைவு" என்று பெயர்த்திருப்பதையும் பார்த்தேன், அதை உடனே மாற்ற வேண்டும். தொடக்க கால யூனிக்ஸில் பயனர்களின் ஹோம் அடைவுகள் அங்கே இருந்தது உண்மை, இன்றைக்கு அங்கே பயனருடையது ஒன்றும் இல்லை. பாதையைப் பாதையாகவே விடுவோம். சொல் முன்னால், பாதை பக்கத்தில், இரண்டும் சேர்ந்து தெரியட்டும்.

> அப்படியானால் கான்ஃபிக்குக்கு "அமைவிடம்" என்று வைத்து வரிசையை முடித்துவிடலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். அமைவிடம் என்றால் ஓர் ஊரோ கட்டடமோ அமைந்திருக்கும் இடம், அந்தப் பொருள் நன்றாக வேரூன்றிவிட்டது. ஓசை பொருந்துகிறது என்பதற்காகப் பொருளைக் குழப்பக் கூடாது. "அமைவுக் கோப்புறை" என்று நீளமாகவே இருக்கட்டும்.

இந்தச் சொற்கள் உண்மையான சரத்தில் (திரையில் தோன்றும் வாசகத்தில்) நிற்கின்றனவா என்று பார்க்க, லினக்ஸில் செயலிகளைத் தனிக்கட்டாக நிறுவும் முறையான பிளாட்பேக்கை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கேதான் சிக்கல் அதிகம். எல்லாருக்குமாக நிறுவினால் செயலி /வார்/லிப்/பிளாட்பேக்கில் போகும், ஒரு பயனருக்கு மட்டும் நிறுவினால் ~/.லோக்கல்/ஷேர்/பிளாட்பேக்கில். அதாவது நிறுவிடமே ஹோமுக்குள் வந்துவிடுகிறது! தரவோ ~/.வார்/ஆப் உள்ளே, செயலியின் அடையாளப் பெயரில். செயலியை நீக்கினாலும் தரவு அங்கேயே கிடக்கும், அதையும் அழி என்று தனியாகச் சொன்னால்தான் போகும். ஆகவே "ஹோமில் இருப்பதெல்லாம் பயனர் தரவு" என்று இடத்தை வைத்துப் பெயரிட முடியாது, யார் எழுதுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பெயரிட முடியும். இப்போது சரம் இப்படி வரும்: "செயலி நிறுவிடத்திலிருந்து நீக்கப்படும். வைப்பிடத்தில் உள்ள உங்கள் தரவையும் அழிக்கவா?" படித்தவுடன் புரிகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையிலும் இதே கதை: ரிமூவ் கட்டளை கொடுத்தால் /எட்சியில் அமைவுக் கோப்புகள் தங்கும், பர்ஜ் கொடுத்தால் அவையும் போகும், இரண்டும் ஹோம் அடைவில் உள்ள உங்கள் தரவைத் தொடாது. "நீக்கு", "துடைத்து நீக்கு" என்று பிரிக்கலாம்.

தேக்கிடத்துக்கு எதிராக "இடைமாற்று" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும், ஆனால் அதில் எதுவும் தங்கியிருப்பதாகவே தெரியவில்லை. "தேக்கிடத்தைக் காலி செய்" என்றால் இடம் மிஞ்சும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

எனக்குப் பிடிபடாமல் நிற்பது ஒன்றுதான்: ~/.லோக்கல்/ஸ்டேட். பின்னாளில் சேர்த்தது. கட்டளை வரலாறு, பதிவுகள், அண்மையில் திறந்த கோப்புகள் இவையெல்லாம் அங்கே போகும், தேக்கிடம் போலத் தயங்காமல் அழிக்கவும் முடியாது, வைப்பிடம் போல வேறு கணினிக்கு எடுத்துச்செல்லவும் தேவையில்லை. "நிலை" என்று மட்டும் போட்டால் செயலி ஓடுகிறதா நிற்கிறதா என்று நினைப்பார்கள். "சுவடகம்" என்று ஒன்று தோன்றுகிறது, கேட்பவருக்கு ஓலைச்சுவடி நூலகம் நினைவுக்கு வருமோ என்ற தயக்கத்தில் அதை முன்மொழிவில் சேர்க்கவில்லை. முதல் மூன்றுக்கும் எதிர்ப்பு இல்லையென்றால் அவற்றைச் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், இதற்கு உங்கள் சொல்லை ஒரு முழுச் சரத்தில் வைத்து எழுதுங்கள்.