கடைசி மூன்று கிலோமீட்டர்: டிரைவரோடு மினி பஸ் எடுத்துப் போனவர்களின் அனுபவங்கள்

எங்கள் நடைக்குழுவில் 16 பேர். பாதிப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டிரைவரோடு மினி பஸ் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை, காட்டோரம் என்று எங்கேயாவது போய் நடந்துவிட்டு வருவோம். வண்டி பேசும் வேலை என் தலையில். போன முறை வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள்.

போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: 17 சீட் வண்டி, காலை ஆறு மணி, இந்த ஊர், ராத்திரி திரும்பிவிடுவோம். போகிற இடம் அந்த ஊரிலிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் உள்ளே என்று சொல்லத் தோன்றவே இல்லை. நான் போன வருஷம் காரில் போய்ப் பார்த்த வழிதான். காரில் போனவனுக்கு வழியில் எதுவும் கண்ணில் படாது, அதுதான் விஷயம்.

தார் ரோடு முடிந்த இடத்தில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி நூறடி நடந்து பார்த்துவிட்டு வந்து, "இதற்கு மேல் போகாது சார்" என்றார். எங்கள் குழுவில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. அகலம் போதும், மண்ணும் காய்ந்திருக்கிறது, கார் போகிறதே, காசு வாங்கிக்கொண்டு பாதியில் இறக்கிவிடுவதா என்று ஒரே சத்தம். டிரைவர் குரலை உயர்த்தவே இல்லை. "உள்ளே போய்விடலாம் சார். எங்கே திருப்புவேன்?" என்று மட்டும் கேட்டார்.

யாரிடமும் பதில் இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும் ஓர் இடத்தையும் காட்டினார். வண்டி ஏழு மீட்டர் நீளம். பின்சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்சக்கரம் மேடேறும்போது அந்த வால் தரையில் உரசும். கார்க்காரன் கண்ணுக்கு அது வெறும் சின்னப் பள்ளம்.

மற்றவர்கள் நடந்தோம். முழங்கால் வலி உள்ள இரண்டு பேர் நாள் முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் வண்டியே எடுத்தோம் என்பதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் வண்டி பேசும்போதே கடைசி மூன்று கிலோமீட்டரின் போட்டோக்களை டிரைவருக்கு அனுப்பிவிடுகிறேன். பாலம், வளைவு, தாழத் தொங்கும் கிளை, முக்கியமாகத் திருப்பும் இடம். அவர் பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் நாளைக் குறிக்கிறேன்.

* * *

நான் 19 வருஷமாக இந்த வண்டிதான் ஓட்டுகிறேன். மேலே எழுதியவரின் டிரைவர் செய்தது சரி. நான்கூட ஒருமுறை பயணிகள் சொன்னார்களே என்று உள்ளே போய், முக்கால் மணி நேரம் ரிவர்ஸிலேயே வெளியே வந்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நிற்கும்போது என் நாள் ஆரம்பிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் எழுந்தது மூன்றரைக்கு. டயர், ஆயில், தண்ணீர் பார்த்து, ஷெட்டிலிருந்து எடுத்து, உங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டரை மணி நேரம் போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்கு "வழியில்தானே, இன்னும் ஒரே ஒரு இடம்" என்பீர்கள். உங்களுக்கு அது 14 மணி நேரம். எனக்குப் பதினாறரை. அதற்கு மேல் வீட்டில் விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த மாதிரி வண்டிகளுக்கு நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, ஒரு நாளைக்கு ஓட்டுவது 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். எந்த நாட்டில் என்ன சட்டம் இருந்தாலும் தூக்கம் ஒன்றுதான்.

நீங்கள் சுற்றிப் பார்க்கும் நாலு மணி நேரமும் டிரைவர் சும்மாதானே இருக்கிறார் என்பதும் தப்புக் கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து தண்ணீர் பாட்டில், கண்ணாடி, குடை என்று கதவைத் தட்டினால் எங்கே கண்ணை மூடுவது? இறங்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உதவி அதுதான்.

மலை இறக்கத்தில் நாங்கள் மெதுவாக வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். 16 பேர், ஆளுக்கு 75 கிலோ என்றால் 1200 கிலோ. பைகள் தனி. அத்தனை எடையையும் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் கொதித்துவிடும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆயிற்று. கருகல் வாசனை வந்ததும் ஓரமாக நிறுத்தினேன். பயணி ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். ஊற்றவிடவில்லை. கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தானாக ஆறட்டும் என்று காத்திருந்தோம். அன்றைக்கு ஒரு இடம் பார்க்காமல் திரும்பினார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

* * *

சின்ன விஷயம். வாந்தி வருகிறவர்களைக் கடைசி சீட்டில் போடாதீர்கள். என் அக்காவை ஜன்னல் காற்று வருமே என்று பின்னால் உட்கார வைத்தோம். பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற சீட் அது. மற்ற இடத்தில் சின்னக் குலுக்கல், அங்கே ஊஞ்சல். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஆடுகிறது என்கிறது, கண் முன் சீட்டின் முதுகைப் பார்த்து ஆடவில்லை என்கிறது, அந்தச் சண்டையில்தான் குமட்டல். திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒன்றும் ஆகவில்லை. போனையும் பிடுங்கி வைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

* * *

எங்களுக்கு வண்டி வந்த அன்றே பிரச்சினை. ஏஜெண்டிடம் பேசியது 17 சீட். வந்தது 12 சீட். நாங்கள் 15 பேர். "அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் மேடம்" என்றார் ஏஜெண்ட். சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றினால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான் என்று டிரைவரே ரகசியமாகச் சொன்னார். மூன்று பேர் தனிக் காரில் வந்தார்கள். அந்தக் கூலியும் எங்கள் தலையில்.

கிலோமீட்டர் கணக்கிலும் அடி. எங்கள் வாசலிலிருந்து ஓடிய தூரத்துக்குத்தான் காசு என்று நினைத்தோம். அவர்கள் கணக்கு ஷெட்டிலிருந்து ஷெட். அது நியாயம்தான், காலியாக ஓடினாலும் டீசல் எரியத்தானே செய்யும். முன்னாலேயே சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். இப்போது சீட் எண்ணிக்கை, கிலோமீட்டர் எங்கிருந்து, வெயிட்டிங் எவ்வளவு, டிரைவர் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் மெசேஜில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிய பிறகுதான் முன்பணம். முந்தின நாள் மாலையே வண்டி நம்பரும் டிரைவரின் சொந்த போன் நம்பரும் கேட்கிறேன்.

சொந்த நம்பர் இருந்தும் ஒருமுறை மாட்டினோம். "முடிந்ததும் கூப்பிடுகிறோம் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். அந்தக் காட்டுப் பக்கம் சிக்னலே இல்லை. அவர் ஒரு வாசலில் நிற்கிறார், நாங்கள் இன்னொரு வாசலில். இருட்டில் இரண்டு மணி நேரம், கையில் ஒரே ஒரு டார்ச். இறங்குகிற இடத்திலேயே நின்று, இத்தனை மணிக்கு, இதே மரத்தடியில் என்று பேசிவிட்டுப் பிரிவதுதான் உருப்படியான வழி. மேப்பையும் முதல் நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் நாம் நிற்கும் இடத்தை அது காட்டும்.

* * *

முதலில் எழுதியவன்தான். டிரைவர் அண்ணன் எழுதியதை எங்கள் குழுவில் போட்டேன். அன்றைக்குச் சத்தம் போட்டவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிறு மறுபடி போனோம், அன்றைக்கு வந்த அதே டிரைவரைத்தான் கேட்டு வாங்கினேன். ஒரு குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டி வந்தது. முதல் ஆளாக அந்தச் சத்தம் போட்டவர்தான் இறங்கிப் பின்னால் போய் நின்றார். கூடவே நாலு பேர் இறங்கி, ஆளாளுக்கு "வா, வா", "நில்லு, நில்லு" என்று கத்த ஆரம்பித்தார்கள். டிரைவர் பிரேக்கை மிதித்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒருத்தர் மட்டும் சொல்லுங்க, என் கண்ணாடியில் தெரியற மாதிரி நின்னு சொல்லுங்க" என்றார். எங்கள் ஆள் மற்ற நாலு பேரையும் விரட்டிவிட்டு, இரண்டடி நகர்ந்து கண்ணாடிக்குள் வந்து நின்றார்.