தெரு வரலாறு எழுதப் போய் மாட்டிக்கிட்டேன், அன்னா ரோஸ்முஸ் பத்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கிணத்தடி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

எங்க தெரு நலச் சங்கத்துக்கு 75 வருஷம் ஆகுது, மலர் போடுறாங்க. "நீதான் ஏதோ எழுதுவியே கண்ணு, தெரு வரலாறு ஒரு பத்து பக்கம் எழுதிக் குடு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. வட சென்னைதான், தெரு பேர் இங்க வேணாம். நானும் குஷியா ஒத்துக்கிட்டு சங்க ஹால் பீரோவுல இருந்த பழைய நோட்டையெல்லாம் எடுத்து தூசி தட்டிப் படிச்சிட்டிருந்தேன். 1952 மினிட்ஸ் நோட்டு ஒண்ணு. கிணத்துக் கயிறு வாங்கினது 2 ரூபா 4 அணா, ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டது, தெரு லைட்டுக்கு மனு குடுத்ததுன்னு ஜாலியாதான் போச்சு. அதுக்குக் கீழேயே ஒரு தீர்மானம். பின் சந்துல இருக்கிறவங்க தெருக் கிணத்துல கயிறு போடக் கூடாது, தண்ணி வேணும்னா காலையில தெருக்காரங்க யாராவது இறைச்சு அவங்க குடத்துல ஊத்தணும். ஏழு கையெழுத்து. முதல் கையெழுத்து, ஹால்ல மாலை போட்டு மாட்டியிருக்கிற பெரியவரோடது. இப்ப செக்ரட்டரியா இருக்கிற அங்கிளோட தாத்தா.

நாடு பூரா தீண்டாமையை ஒழிச்சாச்சுன்னு அரசியல் சட்டத்துல எழுதி ரெண்டு வருஷம் கழிச்சு இது, அதையும் கவனிங்க.

அங்கிள் கிட்ட காட்டினேன். கோவப்படல, அதுதான் பயமா இருந்துச்சு. "ஏன் கண்ணு பழசையெல்லாம் கிளறுற, நல்லதா நாலு எழுது"ன்னு டீ வாங்கிக் குடுத்தாரு. மறுநாள் போய்ப் பாத்தா நோட்டு பீரோவுல இல்ல. நல்ல வேளை, போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தேன்.

ஜெர்மன் கிளாஸ்ல கூடப் படிக்கிற பொண்ணு கிட்ட இதைப் புலம்பினப்ப, ஜெர்மனியில பாஸாவ்னு ஒரு ஊர்ல அன்னா ரோஸ்முஸ்னு ஒரு அம்மாவுக்கு இதே கதைதான் ஆச்சு, பல மடங்கு பெருசான்னு சொன்னா. அங்க ஊர் வரலாறு எழுதறவங்களுக்கு ஹைமாட்ஃபோர்ஷர்னு தனி பேரே இருக்காமே? அந்தம்மா என்ன பண்ணாங்க, காயிதம் எல்லாம் எப்படி கைக்கு வந்துச்சு, அப்புறம் அதே ஊர்ல எப்படி இருந்தாங்க? எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏன்னா நான் அதே தெருவுலதான் நாளைக்கும் பால் வாங்கணும்.

மூணு ஆத்துக்காரன்:

பாஸாவ்ல ரெண்டு வருஷம் படிச்சேன் ப்ரோ, இப்ப வேளச்சேரி. டான்யூப், இன், இல்ட்ஸ்னு மூணு ஆறு ஒண்ணா சேர்ற ஊர், ஆஸ்திரியா பார்டர் பக்கத்துலயே. நமக்கும் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறுன்னு மூணு இருக்கு, ஆனா அதைச் சொல்லி டூரிஸ்ட் வரமாட்டான்.

அன்னா ரோஸ்முஸ் 1960ல அந்த ஊர்லயே பொறந்தவங்க. பிஷப் இருக்கிற ஊர், கத்தோலிக்க ஊர், பெரிய கதீட்ரல், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்க ஜனாதிபதி பரிசுன்னு பசங்களுக்கு ஒரு வரலாற்றுப் போட்டி நடத்துவாங்க, 1973ல ஆரம்பிச்சது, இன்னும் நடக்குது. புக்கைப் பாத்து எழுதக் கூடாது, உன் ஊர் ஆவணத்தைத் தோண்டு, உன் ஊர்ப் பெரியவங்களைக் கேளு, அதுதான் போட்டியே. 1980ல குடுத்த தலைப்பு, நாஜி காலத்துல அன்றாட வாழ்க்கை. இந்தப் பொண்ணுக்கு அப்ப இருபது வயசு. நம்ம ஊர் ஹிட்லரை எதிர்த்த ஊர், சர்ச் எதிர்த்துச்சுன்னு ஊர்ல சொன்னதை நம்பி, அதை எழுதலாம்னுதான் ஆரம்பிச்சாங்க. இதைத்தான் ஜனங்க கவனிக்கிறதில்ல, அவங்க குத்தம் கண்டுபிடிக்கக் கிளம்பல, ஊர்ப் பெருமையை எழுதக் கிளம்பினவங்க. உங்களை மாதிரியேதான்.

எதிர்ப்பைப் பத்திக் கேட்ட வரைக்கும் எல்லாரும் காபி போட்டுக் குடுத்தாங்க. யூதர்களோட கடையெல்லாம் யார் கைக்குப் போச்சு, பத்திரிகையில யார் என்ன எழுதினாங்க, எதிர்த்தாருன்னு இன்னிக்கு சொல்ற ஆளு அன்னிக்கு எந்தப் பக்கம் நின்னாருன்னு கேட்க ஆரம்பிச்சதும் கதவு சாத்திருச்சு. ஃபைல் இரவல் போயிருக்கு, ஃபைல் காணோம், தனிநபர் ரகசியம், இப்படி ஒவ்வொரு கதை. கடைசியில நகராட்சி மேலயே கேஸ் போட்டுத்தான் ஆவணங்களைப் பாத்தாங்க. 1983ல புக்கா வந்துச்சு, அடுத்த வருஷமே முனிச்ல குடுக்கிற ஷோல் பரிசு கிடைச்சுது. ஹிட்லருக்கு எதிரா துண்டு நோட்டீஸ் போட்டதுக்காக 1943ல தலையை வெட்டின ஹான்ஸ், சோஃபின்னு அண்ணன் தங்கச்சி, அவங்க பேர்ல குடுக்கிற பரிசு. வெளியூர்ல மாலை மரியாதை, சொந்த ஊர்ல கொலை மிரட்டல். 1990ல இவங்க கதையை ஊர் பேரையும் ஆள் பேரையும் மாத்தி மிக்கேல் ஃபெர்ஹோஃபன் படமா எடுத்தாரு, பெர்லின் பட விழாவுல சிறந்த டைரக்டருக்கான வெள்ளிக் கரடி விருது, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு.

உங்க கடைசிக் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. 1994ல ஊரை விட்டு அமெரிக்கா போயிட்டாங்க.

இன்னொண்ணு சொல்றேன். அங்க டவுன் ஹால் சுவத்துல வெள்ளம் வந்த வருஷமெல்லாம் கோடு போட்டு எழுதி வச்சிருப்பாங்க, 1501 கூட உண்டு, 2013ல வந்தது அதுக்கப்புறம் வந்ததிலேயே பெருசு. தண்ணி எவ்ளோ உயரம் வந்துச்சுன்னு ஐநூறு வருஷமா விரலால காட்டுற ஊரு, நாஜி ஆட்சி நடந்த பன்னெண்டு வருஷத்தை மட்டும் கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லுச்சு.

பழைய பேப்பர்:

மேல சொன்னது சரிதான், ஆனா ரோஸ்முஸை வச்சு ஹைமாட்ஃபோர்ஷர்னா எல்லாரும் இப்படின்னு நினைச்சுக்காதீங்க. முக்காவாசிப் பேர் ரிட்டயர்டு வாத்தியாரு, பாதிரியாரு, போஸ்ட் மாஸ்டர். சம்பளம் கிடையாது. ஹைமாட்னா சொந்த ஊர், ஃபோர்ஷர்னா ஆராய்ச்சி பண்றவரு, ஆனா பல்கலைக்கழகத்து ஆளுங்க அந்த வார்த்தையை கொஞ்சம் நக்கலாத்தான் சொல்லுவாங்க. வயலுக்கெல்லாம் என்ன பேரு, எந்த மில்லு எந்த வருஷம் எரிஞ்சுது, இதான் அவங்க உலகம். கிராமத்துக்கு 750 வருஷம்னா விழா மலர் போடுவாங்க, சர்ச் மணியை எப்ப வார்த்தாங்கன்னு நாலு பக்கம், 1933ல இருந்து 1945 வரைக்கும் ரெண்டு வரி, அதுலயும் ஒரு வரி குண்டு விழுந்ததைப் பத்தி. பழைய மலருங்க பாதி இப்படித்தான் இருக்கும்.

இதைவிட மோசமான ஒண்ணும் இருக்கு. 1933 ஏப்ரல்ல யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்ததுக்கப்புறம், நான் ஆரியன், அதாவது யூத வம்சம் இல்லன்னு நிரூபிக்க தாத்தா பாட்டி வரைக்கும் ஞானஸ்நான சர்டிஃபிகேட் காட்டணும். அது எங்க இருக்கு? சர்ச் ரெஜிஸ்டர்ல. அந்தக் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிஞ்சவன் யாரு? பாதிரியாரும் ஊர் வரலாற்றுக்காரனும் வம்சாவளி எழுதறவனும்தான். அன்னிக்கு இந்தத் தொழிலுக்கு செம கிராக்கி. அதனால ஊர் வரலாறு எழுதறது புனிதமான வேலைன்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்பு வரும், அது கத்தி மாதிரி, காயும் நறுக்கலாம்.

80கள்லதான் காத்து திரும்புச்சு. "நீ நிக்கிற இடத்துல தோண்டு"ன்னு ஒரு கோஷம் ஸ்வீடன்ல இருந்து வந்துச்சு, ஊருக்கு ஊர் வரலாற்றுப் பட்டறைன்னு சாதாரண ஜனங்க கூடி தொழிற்சாலை, தெரு, பக்கத்து வீடுன்னு தோண்ட ஆரம்பிச்சாங்க. ரோஸ்முஸ் வந்த நேரம் அது. 1992ல கொலோன்ல குன்டர் டெம்னிக்னு ஒரு சிற்பி சின்னப் பித்தளைக் கல்லு பதிக்க ஆரம்பிச்சாரு, பத்து சென்டிமீட்டர் சதுரம், "இங்கே வாழ்ந்தார்"னு ஆரம்பிச்சு பேரு, பொறந்த வருஷம், எங்க கொண்டு போய்க் கொன்னாங்க, அவ்ளோதான். நடைபாதையில அவங்க வீட்டு வாசல்லயே. 2023ல ஒரு லட்சமாவது கல்லு போட்டாச்சு. ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாடியும் அந்த ஊர் ஆள் யாரோ ஒருத்தர் ஆவணத்தைப் புரட்டி வீட்டு நம்பர் கண்டுபிடிச்சிருப்பாரு.

அவங்களுக்கு பெரிய ஆயுதம் பழைய முகவரிப் புத்தகம். தெரு வாரியா, வீடு வாரியா பேரு, தொழில் எல்லாம் போட்டிருக்கும். 1932 புக்கையும் 1939 புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே போதும், எந்தக் கடையில பேரு மாறியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்.

ரெண்டு இட்லி:

ஹிட்லருக்கும் ஒரு தெருக் கிணத்துக்கும் முடிச்சுப் போடறது ஓவரா இல்லையா. அங்க லட்சக்கணக்குல செத்தாங்க. இங்க ஒரு மலரு, நூறு காப்பி அடிப்பாங்க, பாதி பரண்ல போகும். அந்த அங்கிள் என்ன தப்பு பண்ணாரு, தாத்தா பண்ணதுக்குப் பேரனை ஏன் சங்கடப்படுத்தணும்? விடுங்க சார்.

கிணத்தடி:

@ரெண்டு இட்லி ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லவே இல்லங்க. அங்கிள் மேல எனக்குக் கோவமும் இல்ல, நான் பத்தாவதுல ஃபெயில் ஆனப்ப அவருதான் ட்யூஷன் எடுத்தாரு. ஆனா நோட்டு ஏன் காணாம போகணும்? அதுதான் உறுத்துது.

@பழைய பேப்பர் நம்மகிட்ட அப்படி முகவரிப் புக்கு இருக்கா? இன்னொரு சந்தேகம், நோட்டுல அங்கங்க ஒரு குறி வருது, ௸ இந்த மாதிரி, அது என்ன?

எழும்பூர் அத்தை:

௸ன்னா மேற்படிப்பா. பழைய பத்திரத்துல எல்லாம் பக்கத்துக்குப் பத்து வரும், "௸ கிணறு"ன்னா மேல சொன்ன கிணறு. உங்க தலைமுறைக்கு அது தெரியலன்னா ஜெர்மன்காரனைக் கேட்டா அழுவான். 1941ல பழைய கையெழுத்து முறையை நாஜிங்களே பள்ளிக்கூடத்துல நிப்பாட்டிட்டாங்க, அதுக்கப்புறம் படிச்சவங்களால சொந்தத் தாத்தா எழுதின லெட்டரைக் கூட படிக்க முடியல, அதுக்குன்னே தனியா கிளாஸ் போறாங்க.

முகவரிப் புக்கு நமக்கும் உண்டு. அசைலம் பிரஸ் டைரக்டரின்னு மெட்ராஸுக்கு வந்துச்சு, ஆனா அதுல பெரிய மனுஷங்க பேருதான் அதிகம், உன் பின் சந்தை அதுல தேடாத. எழும்பூர் ஸ்டேஷன் எதிர்ல ஆவணக் காப்பகம் இருக்கு, 1909ல கட்டின சிவப்பு பில்டிங், முதல்ல லெட்டர் குடுத்து அனுமதி வாங்கணும், ஒரு நாள்ல வேலை ஆகாது, டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போ. கன்னிமாரா லைப்ரரியிலயும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயும் பழைய பேப்பர், சிறு மலர் எல்லாம் பாக்கலாம். எஸ். முத்தையா அப்படித்தான் நாற்பது வருஷம் மெட்ராஸைத் தேடித் தேடி எழுதினாரு, ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே கொண்டாடறோமே, அதுக்கும் அவரு ஒரு காரணம். 2019ல போயிட்டாரு.

இதெல்லாம் சரி, நான் ஒண்ணு கேக்கறேன். இவ்ளோ பேசினியே, பின் சந்துக்குப் போய் யாரையாச்சும் கேட்டியா? நோட்டை எழுதினவங்க பக்கத்தை மட்டும்தானே படிச்சிருக்கே. அந்த பாஸாவ் பொண்ணு ஃபைலோட நிக்கல, ஊரை விட்டுத் துரத்தின யூதக் குடும்பத்து ஆளுங்க எங்கெங்க இருக்காங்கன்னு தேடி லெட்டர் போட்டா, கூப்பிட்டு வந்து பாக்க வச்சா. ஃபைலை ஒளிச்சு வைக்கலாம், அவங்க ஞாபகத்தை யாரு ஒளிச்சு வைக்க முடியும்? அங்கிள்கிட்ட சண்டை போடாத, போய் பாட்டிங்களைக் கேளு.

கிணத்தடி:

அத்தை, நீங்க சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு. நேத்து போனேன்.

முப்பது அடிதான் தள்ளி இருக்கு, இந்த வயசு வரைக்கும் நான் அந்த சந்துக்குள்ள போனது மொத்தம் நாலு தடவை இருக்கும், அதுவும் பந்து எடுக்க. எண்பது தாண்டின பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. தீர்மானம்னா அவங்களுக்கு என்னன்னே தெரியல, கிணறு தெரியும். விடியக்காலையில அம்மா கூடப் போய் குடத்தைக் கீழ வச்சிட்டு தள்ளி நிக்கணுமாம், ஊத்துறவங்க வாளியைத் தூக்கிப் பிடிச்சு ஊத்துவாங்களாம், வாளி குடத்து மேல படக் கூடாது, அதனால பாதி தண்ணி வெளிய தெறிச்சுரும். கையைத் தூக்கி எவ்ளோ உயரம்னு காட்டினாங்க, நம்ம இடுப்புக்கு மேல. சந்துக்குள்ள கார்ப்பரேஷன் குழாய் வந்த அன்னிக்கு அவங்கப்பா குடம் வைக்காம, குழாயில வாயை வச்சே குடிச்சாராம். கிணறு எங்க பாட்டின்னு கேட்டா, அந்த மாலை போட்ட ஹாலு இருக்குல்ல, அதோட வெராண்டாவுக்கு அடியிலதான்னு சிரிக்கிறாங்க.

பேரு போடட்டுமான்னு கேட்டேன். "என் பேரு வேணாம், எங்கப்பன் பேரு போடு"ன்னாங்க, இனிஷியலோட சொன்னாங்க.

ராத்திரி அங்கிள் கிட்ட எழுதினதைக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சாரு. நோட்டைப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல. தாத்தா பேரு வர்ற இடத்துல விரலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாரு. அப்புறம், "பத்து பக்கம்னு சொன்னேன், பதிமூணு வந்திருக்கு, மிச்ச மூணு பக்கத்துக்கு பிரிண்டிங் காசு யாரு தருவா"ன்னாரு.

திருவல்லிக்கேணி பக்கம் கம்மியா அச்சடிச்சுத் தர்ற பிரஸ் யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.