டில்ட் ஸ்விட்ச்சுக்குத் தமிழ்: ‘சாய்வுச் சொடுக்கி’ வேண்டாமே

நண்பர்களே,

சாய்த்தால் மின்சுற்றை இணைக்கும் அல்லது துண்டிக்கும் டில்ட் ஸ்விட்ச்சுக்கு, ‘சாய்வுச் சொடுக்கி’ என்ற தமிழ்ச் சொல் போன மடலில் வந்ததைப் பார்த்தேன். இரண்டு உறுத்தல்கள்.

சின்னது முதலில். பாதரசம் வைத்த ஸ்விட்ச் சொடுக்குவதே இல்லை. கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சொட்டுப் பாதரசம், ஒரு முனையில் இரண்டு கம்பிகள். குப்பி சாய்ந்தால் சொட்டு உருண்டுபோய் இரண்டையும் இணைக்கும், நிமிர்ந்தால் விலகும், சத்தம் வராது. அமெரிக்காவில் சத்தமில்லாத விளக்கு ஸ்விட்ச் என்றே இதை விற்றார்கள், அதற்குப் போய்ச் சொடுக்கியா? ஸ்விட்ச்சுக்கு இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘ஆளி’யை எடுத்தால் ‘சாய்வாளி’ கிடைக்கிறது. (கடனாளி, நோயாளி வரிசையில், திண்ணையில் சாய்ந்து கிடக்கும் ஆசாமி போலத் தொனிக்கிறது என்பீர்கள். சரி, பழகிவிடும்.)

பெரிய உறுத்தல் வேறு. உருளும் குண்டைத் தட்டி ஆடும் பழைய பின்பால் விளையாட்டு மேசையை உலுக்கினால் ஆட்டம் நின்றுபோகுமே, அந்த டில்ட் பெரும்பாலும் தூக்குக்குண்டுதான். கொத்தனார் குண்டு மாதிரி ஒன்று தொங்கும், சுற்றி ஒரு வளையம், தொட்டால் முடிந்தது. அதில் பாதரசம் கிடையாது. சில பழைய இயந்திரங்களில் மட்டும் அந்தக் குப்பி இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், திறந்து பழுதுபார்ப்பவர் எதில் கை வைக்கிறோம் என்று தெரியாமல் வைப்பார். ஆகவே ‘தூக்குக்குண்டுச் சாய்வாளி’, ‘பாதரசச் சாய்வாளி’ என்று பிரித்தே சொல்வோம்.

‘ரசச் சாய்வாளி’ என்று சுருக்கலாமே என்றவருக்கு: வேண்டாம். ‘ரச’த்தை நாம் எப்போதோ கெடுத்துவிட்டோம். ரசமட்டத்தின் குழாயில் இருப்பது ஆல்கஹால். ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோம், வெள்ளீயமும் பாதரசமும் பூசிய காலம் போய் வெள்ளிப் பூச்சு வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. பாதரசம் உள்ள டியூப் லைட்டின் பெயரிலோ ரசமே இல்லை, உடைந்தால் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறோம்.

அப்புறம், சொல்லுக்கான விளக்கத்தில் இதையும் சேர்க்கலாம்: குப்பியை உடைக்காமல் கழற்றி மூடியுள்ள டப்பாவில் வைக்கவும். சிந்திவிட்டால் ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, மணிகளை அட்டையால் ஒதுக்கிச் சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சவும். துடைப்பம் மணிகளை இன்னும் சிதறடிக்கும், வேக்யூம் கிளீனர் ஆவியை வீடெல்லாம் பரப்பும். மோதிரத்தை முன்பே கழற்றிவிடுங்கள், தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும்.

பாதரசம் இருக்கும் கண்ணாடிக்குப் பெயர் ‘குப்பி’யா ‘குமிழா’ என்பது இன்னும் முடியவில்லை. என் ஓட்டு குப்பிக்கு. குமிழ் என்றால் திருகிப் பார்க்கத் தோன்றும்.