“கடைசியா எப்ப நல்லா தூங்கினீங்க?”: மனநல ஆலோசனைக்குப் போன அனுபவங்கள்

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று போனில் அலாரம் வைத்திருந்தேன். கணவருக்கு மில்லில் நைட் ஷிப்ட். ஒரு நாள் காலையில் ஆறு வயது மகன் பால் டம்ளரைத் தட்டிவிட்டான். முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. கரித்துணியை எடுத்துவந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்தபோதுதான் என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது.

அன்று ராத்திரி மூன்று மணி அலாரத்துக்கு அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து 14416-க்கு போன் செய்தேன். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நான் அழுது முடிக்கும்வரை அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. அப்புறம், “கடைசியா எப்பம்மா நல்லா தூங்கினீங்க?” என்றார். யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்றும் நேராகவே கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கேள்வி எனக்குத் தப்பாகவே படவில்லை. எட்டு மாதமாக வீட்டுக்கு வருகிற எல்லோரும் “மாமா எப்படி இருக்கார்?” என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஜி.ஹெச்.சில் மனநலப் பிரிவு உளவியலாளரை இரண்டு தடவை நேரில் பார்த்தேன். மாத்திரை எதுவும் தரவில்லை. என் ஒரு நாளை மணி வாரியாக ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் பேனாவை என் பக்கமே திரும்பத் தள்ளி, “இதுல வேற யாராவது செய்யக்கூடியதை வட்டம் போடுங்க” என்றார். மூன்று வட்டம் போட்டேன். அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது.

* * *

நான் ஆண், வயது 41. கடன் நெருக்கடியில் வீட்டில் யாரிடமும் பேசாமலே இருந்தேன். மனைவிதான் மனநல ஓ.பி.க்குக் கூட்டிப்போனார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்றவர் எங்கள் தெருக்காரர். இருவரும் தலையாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். எனக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னார். மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கடன் என்பது இப்போது என் மனைவிக்கும் தெரியும்.

* * *

எனக்கு முதல் அனுபவம் மோசம். தனியாகப் பணம் கட்டிப் பார்த்த ஆலோசகர் பத்து நிமிடத்தில் “பொம்பளைங்கதான் அனுசரிச்சுப் போகணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைச் சொல்லத்தான் வீட்டில் பெரியம்மா இருக்கிறாரே! ஒரு வருஷம் எங்கேயும் போகவில்லை. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. இரண்டாவதாகப் பார்த்தவர், நான் சொல்வது என்னைக் கேட்காமல் என் வீட்டாருக்குப் போகாது என்பதை முதலிலேயே சொன்னார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வாயே திறந்தது. ஒருவர் ஒத்துவரவில்லை என்றால் தயவுசெய்து வேறொருவரைப் பாருங்கள்.

முதலில் எழுதிய சகோதரி, அந்த மூன்று வட்டத்தையும் வீட்டில் எப்படிக் கேட்டீர்கள்? எனக்கு அங்கேதான் தொண்டை அடைக்கிறது.

* * *

எனக்கும் அடைத்தது, சகோதரி. உளவியலாளர் முன்னாலேயே சொல்லிப் பழகினேன். முதலில் “நீங்க யாரும் ஏன்னு கேக்கறதில்ல” என்றுதான் வந்தது. ஆள், நாள், வேலை மூன்றும் வருகிற மாதிரி கேளுங்கள் என்றார். நாலாவது தடவை சரியாக வந்தது. அதை அப்படியே நாத்தனாரிடம் போனில் சொன்னேன்: “சனிக்கிழமை ராத்திரி மட்டும் நீ வந்து அப்பாவைப் பாத்துக்கம்மா, நான் தூங்கணும்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அலாரம் எத்தனை மணிக்கு அண்ணி?” என்றாள்.