பார்வையற்ற நூலகருக்கு ஒரு மென்பொருள்: மெனுவை எப்படி அமைப்பது?

நெல்லை_நிரல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்துக்காகப் பைத்தானில் ஒரு சின்ன மென்பொருள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். புத்தகப் பதிவு, உறுப்பினர் பதிவு, எடுத்தது, திருப்பியது, அபராதம், மாத அறிக்கை, இவ்வளவுதான். விண்டோஸ் 10 உள்ள பழைய கணினியில் இணையம் இல்லாமல் ஓட வேண்டும்.

நூலகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியைக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து மிக வேகமாக வேலை பார்ப்பவர். அவருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மென்பொருளின் நோக்கமே.

மேலே வழக்கமான மெனு பட்டை வைப்பதா, அல்லது இப்போதைய செயலிகளைப் போல மூன்று கோடு போட்ட ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் அடக்குவதா? இன்னொரு யோசனையும் இருக்கிறது. அடிக்கடி பயன்படுத்துவது தானாக மேலே வரட்டும், அந்த நேரத்துக்குத் தேவைப்படாதது மறைந்துவிடட்டும். மெனு சின்னதாக இருந்தால் அவர் கேட்க வேண்டியதும் குறையுமே என்று தோன்றியது. சரியா? சாளரம், மெனு, பொத்தான்களை அமைக்க உதவும் கருவிகளான டிகிண்டர், டபிள்யூஎக்ஸ்பைத்தான், கியூட்டி மூன்றில் எதை எடுக்கலாம்? எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

விசையோசை எழுதியது:

தம்பி, தொடங்கும் முன்பே கேட்டாய் பார், அதற்கே நன்றி. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கேள்வித்தாள், மதிப்பெண் பட்டியல், சம்பளப் படிவம் எல்லாவற்றையும் என்விடிஏ துணையோடு நானே செய்துகொள்கிறேன்.

அடிக்கடி பயன்படுத்துவது மேலே வரட்டும் என்ற யோசனையை முதலில் விட்டுவிடு. பார்வை உள்ளவர் மெனுவைத் திறந்ததும் மொத்தத்தையும் ஒரு நொடியில் பார்த்துவிடுகிறார். எனக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான் காதில் விழும். பெயர், அதைத் தேர்ந்தெடுக்கத் தட்டும் எழுத்து, குறுக்கு விசை, '11இல் 4' என்று அது இருக்கும் இடம், இத்தனையும் ஒவ்வொரு வரிக்கும் வரும். வேலை பழகிய பிறகு இதையெல்லாம் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? ஆல்ட், ஓர் எழுத்து, கீழ் அம்பு மூன்று முறை, என்டர். குரல் முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் என் விரல் வேலையை முடித்திருக்கும். அந்த இடத்தில் நேற்று 'திருத்து' இருந்து இன்று 'நீக்கு' வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

இதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000இல் அதிகம் தொடாத உருப்படிகள் தாமாக மறைந்துகொள்ளும் மெனு வந்தது. பார்வை உள்ளவர்களே தேடித் தவித்தார்கள். அதற்கு நேர்மாறான உதாரணமும் ஆபீஸிலேயே இருக்கிறது. 2007இல் மெனு பட்டையை எடுத்துவிட்டு, பொத்தான்களை அடுக்கிய ரிப்பன் என்ற அகலப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். முகமே மாறிப்போனாலும் எக்செல்லில் ஆல்ட் ஈ, எஸ், வி என்ற பழைய விசை வரிசையை விட்டுவைத்தார்கள். சூத்திரத்தை விட்டு மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு அதைத்தான் இன்றும் அழுத்துகிறேன். திரையில் எதை வேண்டுமானாலும் மாற்று, விரல் போகும் வழியை மாற்றாதே. நான் கேட்பது அவ்வளவுதான்.

மறைப்பதும் வேண்டாம். உறுப்பினரைத் தேர்ந்தெடுக்காதபோது 'அபராதம் வசூல்' காணாமல் போனால், அந்த வசதியே இந்த மென்பொருளில் இல்லை என்று நினைத்து நான் நகர்ந்துவிடுவேன். அது அங்கேயே இருந்து, முடக்கப்பட்ட நிலையில் 'அன்அவெய்லபிள்' என்று கேட்டால், சரி, முதலில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று புரிந்துவிடும். இடமும் மாறாது, எண்ணிக்கையும் மாறாது.

அப்புறம் பெயர்கள். தமிழ் மெனுக்களில் பலரும் கவனிக்காத விஷயம் இது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். 'உறுப்பினரைச் சேர்', 'உறுப்பினரைத் திருத்து', 'உறுப்பினரை நீக்கு' என்று எழுதினால் மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. நான் குரலை மிக வேகமாக ஓடவிட்டு, முதல் அசை காதில் விழுந்ததுமே அடுத்த வரிக்குப் போகிறவன். இங்கே மட்டும் ஒவ்வொன்றுக்கும் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மெனுவின் பெயரே 'உறுப்பினர்' என்று இருந்தால் உள்ளே 'சேர்', 'திருத்து', 'நீக்கு' போதும். புத்தகம் மெனுவிலும் அதே சொற்கள், அதே வரிசை. ஓரிடத்தில் 'நீக்கு', இன்னோரிடத்தில் 'அழி' என்று வைக்காதே. அலுவலக மென்பொருள் ஒன்றில் ஒரே வேலைக்கு மூன்று பக்கத்தில் மூன்று பெயர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இது அதுதானா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் என்டர் தட்டுகிறேன்.

துணை மெனு ஓர் அடுக்குக்கு மேல் வேண்டாம். எஸ்கேப் அழுத்தினால் ஒரு படி மட்டும் மூடட்டும். முழுக்க மூடிய பிறகு, மெனுவுக்குள் போவதற்கு முன் நான் எந்தப் பெட்டியில் நின்றேனோ அங்கேயே விட வேண்டும். இதைச் சரியாகச் செய்யாத மென்பொருளில் நான் எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடிக்கவே டேப் விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது.

குறிமுறை எழுதியது:

எந்தக் கருவி என்ற கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். டபிள்யூஎக்ஸ்பைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். என்விடிஏவின் சொந்த மெனுவும் அமைப்புப் பெட்டிகளும் அதில் எழுதப்பட்டவைதான். விண்டோஸின் அசல் மெனுவையே அது பயன்படுத்துவதால் திரைவாசிப்பானுக்காகத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. முடக்கிய உருப்படியிலும் அம்பு நின்று படிக்கும், எனவே ஐயா கேட்டது தானாகக் கிடைத்துவிடும். உருப்படிப் பெயருக்குப் பின் ஒரு டேப் குறி போட்டுக் குறுக்கு விசையை எழுதினால் அதுவும் காதில் வரும்.

டிகிண்டரில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் அதன் மெனு அசல் மெனு என்பதால் நன்றாகப் பேசும். அதைக் கேட்டுவிட்டு எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். ஆனால் பைத்தானோடு இப்போது பரவலாக வரும் பதிப்பில் உள்ளே இருக்கும் பொத்தான்களும் பட்டியல்களும் திரைவாசிப்பானுக்குத் தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை. உங்கள் வேலைக்கு அது ஆகாது. கியூட்டி தன் மெனுவைத் தானே வரைந்துகொண்டாலும், எது பொத்தான், எது பட்டியல் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் அணுகல் தகவலை முறையாகக் கொடுக்கிறது. அதை எடுத்தால் மறைக்காமல் முடக்குங்கள். படம் மட்டும் உள்ள பொத்தான் ஒவ்வொன்றுக்கும் அணுகல் பெயர் கொடுங்கள். இல்லையென்றால் வெறும் 'பட்டன்' என்றுதான் கேட்கும்.

சோதிக்க என்விடிஏவையே இறக்கிப் போடுங்கள், இலவசம்தான். அதன் கருவிகள் மெனுவில் ஸ்பீச் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. பேசுவதையெல்லாம் எழுத்தாகவும் காட்டும். நம்மைப் போன்ற பார்வை உள்ளவர்களுக்கு அந்த வேகக் குரல் முதலில் பிடிபடாது, அதனால் மிகவும் உதவும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

ஓர்கா_வாசகி எழுதியது:

நான் லினக்ஸில் மேட் மேசைத்தளமும் ஓர்கா திரைவாசிப்பானும் பயன்படுத்துகிறேன். எனக்கும் பார்வை இல்லை. விசையோசை அண்ணா சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் மூன்று கோட்டுப் பொத்தானை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான க்னோமின் செயலிகள் மெனு பட்டையை விட்டுவிட்டு அந்தப் பொத்தானுக்கு மாறிவிட்டன. எஃப்10 அழுத்தினால் முதன்மை மெனு திறக்கும் என்பது அவர்களுடைய வடிவமைப்பு விதியிலேயே இருக்கிறது. எல்லாச் செயலியிலும் அதே விசை என்றால் எனக்குப் பட்டையும் ஒன்றுதான், பொத்தானும் ஒன்றுதான். எஃப்10க்கு இந்த வேலை புதிதல்ல. 1987இல் ஐபிஎம் வெளியிட்ட காமன் யூசர் அக்சஸ் என்ற திரை வடிவமைப்பு விதிகளில் இருந்து வருகிறது, உதவிக்கு எஃப்1 என்பதும் அப்படித்தான்.

ஒரு செயலிக்குள் ஒழுங்காக இருந்தால் போதாது, பக்கத்துச் செயலியோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். அமைப்புகளைத் தேடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸில் டூல்ஸ் மெனுவுக்குள் ஆப்ஷன்ஸ் என்று வைத்திருந்தது. லினக்ஸில் எடிட் மெனுவுக்குள் பிரிஃபரன்சஸ் என்று வைத்திருந்தது. ஒரே செயலிதான், ஆனால் அந்தந்த ஊர் வழக்கப்படி நடந்துகொண்டது. நான் அதைச் சரி என்றே சொல்வேன். உங்கள் ஆசிரியை விண்டோஸில் இருக்கிறார், எனவே விண்டோஸ் வழக்கத்தை மீற வேண்டாம். வலது சொடுக்கு மெனு வைத்தால் அது ஷிஃப்ட் எஃப்10க்கும் திறக்கட்டும், அதில் உள்ள எல்லாமே முதன்மை மெனுவிலும் இருக்கட்டும். அதைத் திறக்க விசைப்பலகையில் உள்ள மெனு விசையை மட்டும் நம்ப வேண்டாம். 2024க்குப் பிறகு வரும் மடிக்கணினிகள் சிலவற்றில் அந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது.

மெனுவைச் சின்னதாக்க ஆசைப்படுகிறீர்கள், அதற்கும் வழி இருக்கிறது. உபுண்டு லினக்ஸின் 12.04 பதிப்பில் ஆல்ட்டைத் தட்டிவிட்டுக் கட்டளையின் பெயரைத் தட்டச்சு செய்தால் மெனுவுக்குள் தேடித் தந்தது. மேக்கில் உதவி மெனுவில் இன்றும் அந்த வசதி இருக்கிறது. வரிசையைக் கலைக்காமல் 'கட்டளை தேடு' என்று ஒன்றைச் சேருங்கள். புதிதாக வருபவருக்கு அது உதவும், பழகியவர் தன் வழியிலேயே போவார்.

நெல்லை_நிரல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. டபிள்யூஎக்ஸ்பைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். தானாக இடம் மாறுவது, மறைவது இரண்டும் கிடையாது. 'கட்டளை தேடு' சேர்க்கிறேன். ஐயா, இன்னும் ஒரு சந்தேகம். மெனு முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்று ஆசிரியை விரும்புகிறார். அப்படியானால் ஆல்ட்டோடு சேரும் எழுத்தாக எதை வைப்பது? தமிழ் எழுத்தையே வைக்கலாமா?

விசையோசை எழுதியது:

தமிழ் எழுத்து வேண்டாம் தம்பி. ஆல்ட்டுடன் ஒரே ஒரு விசைதான் போக முடியும். 'பு', 'கொ' எல்லாம் ஒரே தட்டலில் வருபவை அல்ல. அதோடு விசைப்பலகை அந்த நேரத்தில் தமிழில் இருக்கிறதா, ஆங்கிலத்தில் இருக்கிறதா என்பதை நான் திரையின் மூலையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஜப்பானியரும் சீனரும் செய்வதைச் செய். தங்கள் மொழிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்தைப் போடுகிறார்கள். கோப்புக்கு எஃப், உதவிக்கு எச் என்று உலகத்துக்கே பழகியதை அப்படியே வை. உறுப்பினருக்கு யூ, புத்தகத்துக்கு பி. பெயரோடு அந்த எழுத்தும் சேர்ந்து ஒலிக்கும், கொஞ்சம் கூடுதல் பேச்சுதான், ஆனால் அதனால் ஒன்றும் குறையாது.

பெயரைத் தமிழில் வைத்தால் எல்லாவற்றையும் தமிழில் வை. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரல் நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் ஆங்கில உச்சரிப்புக்குத் தாவிவிடும். வேகத்தில் அந்தத் தாவலில்தான் சொல் நழுவுகிறது. ஆசிரியை ஈஸ்பீக் கேட்கிறாரா, விண்டோஸில் உள்ள வள்ளுவர் குரலைக் கேட்கிறாரா என்று விசாரித்துவிட்டு, அதே குரலில் உன் பெயர்களை ஓடவிட்டுக் கேள்.

குறுக்கு விசை தரும்போது கன்ட்ரோல் ஆல்ட் என் வேண்டாம், அது என்விடிஏவைத் தொடங்கும் விசை. கன்ட்ரோல் ஆல்ட்டோடு அம்பு விசைகளும் வேண்டாம், அட்டவணையில் கட்டம் கட்டமாக நகர அவை எங்களுக்குத் தேவை. இன்சர்ட், கேப்ஸ் லாக் பக்கமே போகாதே, என்விடிஏவின் கட்டளைகளுக்கு அவை வேண்டும்.

அடுத்த பதிப்பு எழுதும்போது புதிய உருப்படியை அந்தந்த மெனுவின் கடைசியில் சேர். அகர வரிசைக்காகவோ அழகுக்காகவோ நடுவில் செருகாதே. எந்த மெனுவில் எதைச் சேர்த்தாய் என்பதை உதவி மெனுவில் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்துவிடு. முதல் பதிப்பு தயாரானதும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு தம்பி, எங்கள் பள்ளி நூலகத்திலும் ஒரு கணினி இருக்கிறது.